கொச்சித் தாவழிப் போரும் சாவேர் வீரரும்

1. முன்னுரை

கொச்சி அரச குடும்பத்தின் கிளைகளுக்கிடையே பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் நிகழ்ந்த அரசுரிமைப் போர்கள், பெரும்பாலும் ஐரோப்பியர் வரலாற்றின் ஒரு பகுதியாகவே எழுதப்பட்டு வந்துள்ளன. 1504ஆம் ஆண்டுப் போர் துவார்த்தே பசெக்கோ பெரெய்ராவின் வெற்றியாகவும், 1662-63ஆம் ஆண்டுப் போர் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பினியின் வெற்றியாகவும் நூல்களில் இடம்பெறுகின்றன. இவ்விரு போர்களிலும் இரு பக்கத்திலும் பெருந்தொகையினராக நின்று போரிட்டவர்கள் மலையாள நாட்டுக் காலாள் வீரர்களே. ஒரே அரச குடும்பத்தின் பொருட்டு, ஒரே மொழி பேசும் வீரர்கள் எதிரெதிரே நின்ற இப்போர்களை உள்நாட்டுப் போர்கள் எனக் கொள்வதே பொருந்தும்.

இவ்வீரர்களுள் ஒரு பகுதியினர் தம் தலைவனுக்காக உயிர் கொடுப்பதாகத் தாமே முன்வந்து உறுதி பூண்டவர்கள். மலையாளத்தில் இவர்கள் சாவேர் எனப்பட்டனர். போர்த்துக்கீசிய நூல்கள் இவர்களை 'அமோக்கோ' எனக் குறிக்கின்றன. இவ்விரு சொற்களும் ஒரே மனிதனைச் சுட்டினாலும், அவனைப் பற்றிச் சொல்லும் செய்தி வெவ்வேறானது. முன்னது கடமையைச் சுட்டுவது. பின்னது வெறியைச் சுட்டுவது. இச்சொல் மாற்றம் வரலாற்றுப் பார்வையை எவ்வாறு மாற்றியது என்பதையும், அவ்வீரர்களின் போர்ப்பணி உண்மையில் எத்தகைய ஒழுங்கிற்கு உட்பட்டிருந்தது என்பதையும் மட்டாஞ்சேரியை மையமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

2. தாவழியும் அரசுரிமையும்

கொச்சி அரச மரபு பெரும்படப்பு சுவரூபம் எனப்படும். வன்னேரி நாட்டிலுள்ள பெரும்படப்பு இதன் பழைய இருக்கை. பின்னர் மகோதயபுரத்திலும், ஏறத்தாழ 1405ஆம் ஆண்டு முதல் கொச்சியிலும் இம்மரபினர் தங்கினர். 1341ஆம் ஆண்டில் பெரியாற்றில் ஏற்பட்ட பெருவெள்ளம் கொடுங்கல்லூர்த் துறைமுகத்தைத் தூர்த்துக் கொச்சியின் கழிமுகத்தை அகலச் செய்தது. இதனால் வாணிகம் கொச்சிக்கு இடம் பெயர்ந்தது. அரச இருக்கையும் அதனைப் பின்தொடர்ந்தது.

இக்குடும்பம் மூத்த தாவழி, இளைய தாவழி, பள்ளுருத்தித் தாவழி, மாடத்தின்கீழ்த் தாவழி, சாழூர்த் தாவழி என ஐந்து கிளைகளாகப் பிரிந்திருந்தது. தாவழி என்பது தாய்வழி என்னும் சொல்லின் மலையாள வடிவம். தமிழில் பொதுப்பொருளில் வழங்கும் ஒரு தொடர், மருமக்கள் தாய முறை நிலவிய நாட்டில் குடும்பக் கிளை ஒன்றைச் சுட்டும் சட்டச் சொல்லாக இறுகியுள்ளது. ஐந்து கிளைகளிலும் உள்ள ஆண்களுள் வயதில் மூத்தவரே அரசராதல் வேண்டும் என்பது முறை. இம்முறை ஒரு கிளையின் ஆதிக்கத்தைத் தடுக்க வல்லது. ஆயினும் அரியணையில் இருப்பவரின் கிளை ஒன்றாகவும், அடுத்த உரிமையாளரின் கிளை வேறொன்றாகவும் அமையும் நிலையை அது அடிக்கடி உருவாக்கியது. அத்தகைய நிலையில் புறத்தே ஒரு வலிய துணை கிடைக்குமாயின், உரிமை வழக்கு போராக மாறுதல் எளிதாயிற்று. முதலில் கோழிக்கோட்டுச் சாமூதிரியும், பின்னர் போர்த்துக்கீசியரும், அவர்களுக்குப்பின் ஒல்லாந்தரும் அவ்வாறு துணை நின்றவர்கள்.

3. காலாட்படையின் அமைப்பு

மலையாள நாட்டு அரசர்களிடம் பெரிய நிலைப்படை இருந்ததில்லை. ஆறுகளும் காயல்களும் சேற்று வயல்களும் நிறைந்த நிலத்தில் குதிரைப்படைக்கு இடம் குறைவு. எனவே படை என்பது பெரும்பாலும் காலாட்படையே. களரிகளில் பணிக்கர்களிடம் வாளும் பரிசையும் ஈட்டியும் பயின்ற நாயர் வீரர்கள், தேசவாழிகளின் கீழும் நாடுவாழிகளின் கீழும் அணிவகுத்தனர். கொச்சியில் அஞ்சிக்கைமள் முதலிய கைமள்களும், சேந்தமங்கலத்துப் பாலியத்து அச்சனும் தத்தம் வீரர்களுடன் அரசருக்குத் துணை வந்தனர். வீரனின் முதற்பற்று தன் தலைவனிடத்தில் இருந்தது. அத்தலைவன் எந்தத் தாவழியை ஆதரித்தானோ அதன் பக்கமே வீரனும் நின்றான். உள்நாட்டுப் போரில் அண்டை ஊர்கள் எதிரணிகளாக நின்றமைக்கு இதுவே காரணம்.

இப்படையமைப்பைப் புரிந்துகொள்ள மூன்று சொற்கள் உதவுகின்றன. முதலாவது அகம்படி. தலைவனின் மெய்க்காப்பாகவும் உடன்கூட்டமாகவும் செல்வோரை இச்சொல் சுட்டும். தமிழ்க் கல்வெட்டுகளிலும் அகம்படி என்பது அரண்மனையின் உட்பணியாளரைக் குறிக்க வழங்குகிறது. 'அகம்' என்னும் நெருக்கம் இரு வழக்குகளிலும் பொதுவாக உள்ளது.

இரண்டாவது, எண்ணால் பெயர் பெற்ற குழுக்களைச் சுட்டும் சொல்வகை. 849ஆம் ஆண்டைச் சேர்ந்த தரிசாப்பள்ளிச் செப்பேடுகளில் வேணாட்டின் அறுநூற்றுவர் இடம்பெறுகின்றனர். பிற்காலத்திலும் நாடுதோறும் இத்தகைய நூற்றுவர் குழுக்கள் இருந்தன. பெருமாள்கள் காலக் கேரளத்தை ஆராய்ந்த எம்.ஜி.எஸ். நாராயணன், இக்குழுக்களைத் தலைவனோடு உயிரால் பிணைக்கப்பட்ட வீரத்தோழர் கூட்டங்களாகக் கண்டு, பிற்காலச் சாவேர் மரபோடு தொடர்புபடுத்தினார்.

மூன்றாவது சங்ஙாதம். வழிச்செல்வோரை ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குக் காவலுடன் அழைத்துச் செல்லும் நாயர்களின் பணி இப்பெயரால் அறியப்பட்டது. அழைத்துச் செல்லப்படுவோருக்குத் தீங்கு நேரின் காவலர் தம் உயிரை ஈடாகக் கொடுத்தல் வேண்டும். போர்த்துக்கீசியர் இதனைச் 'சங்காதா' என எழுதினர். தமிழில் நட்பையும் கூட்டுறவையும் சுட்டிப் பேச்சு வழக்கில் இன்றும் நிலவும் 'சங்காத்தம்' என்னும் சொல் இதனோடு உறவுடையது. தோழமை என்னும் பொருள், உயிர்ப்பிணை என்னும் பொருளாக மலையாள நாட்டில் வளர்ந்துள்ளது. நாயர் வீரனுக்குத் தன்னுயிரைப் பிணையாக வைத்தல் புதுமையன்று. வழிப்போக்கனுக்கும் அவன் செய்து வந்த பணியே அது என்பதை இச்சொல் காட்டுகிறது.

4. 1503-04: முதற்போர்

1503ஆம் ஆண்டில் சாமூதிரி கொச்சியின்மீது படையெடுத்தார். போர்த்துக்கீசியரை ஒப்படைக்க வேண்டும் என்பது அவருடைய கோரிக்கை. கொச்சியில் அரசுரிமை இழந்திருந்த கிளையினர் அவருடைய துணையை நாடியிருந்தமை அவருக்கு வாய்ப்பாயிற்று. கொச்சிக்குக் கட்டுப்பட்டிருந்த தலைவர்களுள் பலரும் அவர் பக்கம் சேர்ந்தனர். இப்போரில் கொச்சி இளவரசர் நாராயணனும் அவருடைய உறவினர் இருவரும் வீழ்ந்தனர். அரசர் வைப்பின் தீவில் அடைக்கலம் புகுந்தார். அவ்வாண்டின் பிற்பகுதியில் போர்த்துக்கீசியக் கப்பற்படை வந்த பின்னரே அவர் தம் நகருக்குத் திரும்பினார்.

இளவரசர்கள் வீழ்ந்தபின் நிகழ்ந்ததைக் காஸ்பர் கொரெயா விரிவாகக் கூறுகிறார். எஞ்சிய வீரர்களுள் ஏறத்தாழ இருநூறு பேர் தலைமயிரையும் தாடியையும் புருவங்களையும் முற்றிலும் மழித்தனர். உற்றாரையும் நண்பரையும் தழுவி விடைபெற்றனர். தம்மை இறந்தோராகவே எண்ணிப் பகைநாட்டினரைத் தேடிப் புறப்பட்டுக் கொன்று மடிந்தனர். அவர்களுள் இருபதின்மர் சாமூதிரியையே கொல்லும் நோக்குடன் மறைவாகக் கோழிக்கோடு சென்றனர். செய்தி வெளிப்பட்டதால் நகரில் பெரும் உயிர்ச்சேதம் நிகழ்ந்தது. பெண்களும் குழந்தைகளும்கூடத் தப்பவில்லை. இறுதியாக எஞ்சிய ஐவர் நகருக்கருகே ஒரு காட்டில் மறைந்திருந்து, கொள்ளையிட்டு வாழ்ந்து, பின்னர்க் கொல்லப்பட்டனர்.

இக்குறிப்பில் இரண்டு கூறுகள் உள்ளன. முதலில் வருவது சடங்கு: மழித்தல், தழுவுதல், விடைபெறுதல். அடுத்து வருவது வன்முறை. கொரெயாவின் வருணனை பின்னதையே பெரிதாக்குகிறது. எனினும் சடங்கையும் அவர் பதிவு செய்திருப்பதால், இவர்கள் திடீர்ச் சினத்தால் எழுந்தவர்கள் அல்லர், முறைப்படி உறுதி பூண்டவர்கள் என்பது அவர் எழுத்தாலேயே விளங்குகிறது. அதே வேளையில், போரில் தொடர்பற்ற பெண்களும் குழந்தைகளும் பலியானதை உறுதிமொழியின் பெருமை மறைத்துவிடுதல் கூடாது.

1504ஆம் ஆண்டில் சாமூதிரி மீண்டும் படையெடுத்தபோது, பசெக்கோ ஏறத்தாழ நூற்றைம்பது போர்த்துக்கீசியருடன் ஆற்றுத்துறைகளைக் காத்து நின்றார். கமோயிஷ் 1572ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருங்காப்பியம் அவரை வீரனாகப் போற்றுகிறது. துறைகளைக் காக்க அவரோடு நின்ற கொச்சி வீரர்கள் அக்காப்பியத்தின் புகழில் பங்கு பெறவில்லை.

5. போர்முறையில் சாவேரின் இடம்

பொன்னானியைச் சேர்ந்த ஷேக் சைனுத்தீன் மக்தூம், பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரபு மொழியில் இயற்றிய 'துஹ்பத்துல் முஜாஹிதீன்' என்னும் நூல் இப்பொருள் பற்றி ஓர் அரிய விளக்கம் தருகிறது. மலையாள நாட்டில் தலைவன் ஒருவன் போரில் கொல்லப்பட்டால், அவனுடைய வீரர்கள் எதிரியின் நகரங்களைத் தாக்கி, தாம் முற்றும் மடியும் வரையிலோ அந்நாடு அழியும் வரையிலோ ஓய மாட்டார்கள். ஆகவே அந்நாட்டார் தலைவனைக் கொல்ல மிகவும் அஞ்சுவர் என்பது அதன் கருத்து. சைனுத்தீன் மண்ணின் மைந்தர், போர்த்துக்கீசியரின் எதிர்ப்பாளர். அவர் இவ்வழக்கத்தை வெறி எனக் கருதாமல், போரை மட்டுப்படுத்தும் ஒரு முறையாகவே காண்கிறார். சாவேர் இருந்ததால் அரசரின் உயிர் காக்கப்பட்டது. போர் நிகழ்ந்தது, ஆனால் பல வேளைகளில் அரசர்கள் எஞ்சினர்.

இம்முறை தவறிய இடத்தில் விளைவு கடுமையாக இருந்தது. 1550ஆம் ஆண்டில் மிளகு விளையும் வடக்கும்கூர் நாட்டின் அரசர் கொச்சிக்கு எதிரான போரில் வீழ்ந்தார். அவருடைய வீரர்கள் கொச்சிக்குள் புகுந்து பழிவாங்கினர். போர்த்துக்கீசியர் தம் கோட்டை நகரைக் கீழ்க் கொச்சி எனவும், அரசரின் இருக்கையான மட்டாஞ்சேரிப் பகுதியை மேல் கொச்சி எனவும் வழங்கினர்.

தமிழ் மரபு அறிந்தோர்க்கு இவ்வழக்கம் புதிதன்று. தொல்காப்பியப் புறத்திணையியல் வாகைத் திணையின் துறைகளுள் ஒன்றாக அவிப்பலியைக் கூறுகிறது. பாண்டியரின் ஆபத்துதவிகளும் சோழரின் வேளைக்காரரும் அரசனுக்காக உயிர் கொடுக்கும் உறுதி பூண்ட படையினர். போரில் பட்ட வீரனின் குடிக்கு உதிரப்பட்டி என்னும் நிலம் வழங்கியதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. வள்ளுவநாட்டுச் சாவேர்கள் திருநாவாயில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழ்ந்த மாமாங்கத்தில் சாமூதிரியை எதிர்த்து மடிந்த வரலாறு பலரும் அறிந்தது.

6. 'அமோக்கோ' என்னும் சொல்

சாவேர் என்னும் சொல்லின் முதற்பகுதி 'சா' என்னும் திராவிட வினையடி. தமிழில் 'சாவு', 'சாதல்' என வழங்குவதும் அதுவே. உயிரிழக்க ஒருப்பட்டவன் என்பது இச்சொல்லின் பொருள். பிறரைக் கொல்லுதல் என்னும் கருத்து இச்சொல்லின் அமைப்பில் இல்லை.

அமோக்கோ என்பதன் மூலம் மலாய் மொழியின் 'ஆமுக்' என்னும் சொல் என்பதே பெரும்பான்மைக் கருத்து. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துவார்த்தே பர்போசா சாவகத் தீவினரைப் பற்றி எழுதும்போது இச்சொல்லை வழங்குகிறார். யூல், பர்னல் ஆகியோர் 1886ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி மலாய் மூலத்தோடு, 'அமர்' என்பதன் வழிப்பட்ட 'அமர்க்கன்' என்னும் மலையாளச் சொல்லையும் எடுத்துக்காட்டுகிறது. 'அமர்' போரைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். எனினும் 'அமர்க்கன்' என்பதிலிருந்து அமோக்கோ பிறந்தது எனக் கொள்வதற்கு ஒலியமைப்பு இடம் தரவில்லை. ரகர மெய்யின் இழப்பையும் ஈற்றசையின் மாற்றத்தையும் தனித்தனியே விளக்க வேண்டியுள்ளது. மலாய்ச் சொல்லை ஏற்பின் அத்தகைய இடர் எழுவதில்லை. இந்தியப் பெருங்கடலின் துறைமுகங்கள்தோறும் பயணம் செய்த போர்த்துக்கீசியர், ஓரிடத்தில் கற்ற சொல்லை வேறோரிடத்து வழக்கத்திற்குச் சூட்டினர் எனக் கொள்ளுதல் இயல்பானது.

இவ்வாறு சூட்டியதால் மூன்று இழப்புகள் நேர்ந்தன. தலைவனுக்கும் வீரனுக்கும் இருந்த பிணைப்பு சொல்லிலிருந்து நீங்கியது. உறுதிமொழியும் சடங்கும் நீங்கின. கொலையே அச்சொல்லின் பொருளாக எஞ்சியது. ஆங்கிலத்தில் புகுந்தபின் அச்சொல் காரணமற்ற வெறியாட்டத்தைக் குறித்தது. 1994ஆம் ஆண்டில் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் வெளியிட்ட நோய்வகைக் கையேட்டின் நான்காம் பதிப்பு, பண்பாட்டோடு பிணைந்த உளக்கோளாறுகளின் பட்டியலில் அதனைச் சேர்த்தது. சாவேர் என்னும் சொல்லும் மாற்றத்திற்குத் தப்பவில்லை. இன்றைய மலையாளச் செய்தித்தாள்களில் அது தற்கொலைத் தாக்குதல் நடத்துவோரைக் குறிக்கிறது. இச்சொற்களின் இன்றைய பொருளைக் கொண்டு பழைய வீரனை அளப்பது முறையாகாது.

7. மட்டாஞ்சேரி, 1662

பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தாவழிப் பூசல் மீண்டும் முற்றியது. போர்த்துக்கீசியரின் ஆதரவுடன் வெட்டத்து நாட்டு அரச குடும்பத்தினர் தத்து முறையில் கொச்சி மரபில் புகுந்தனர். மூத்த தாவழி இளவரசரான வீரகேரள வர்மர் நாட்டை விட்டு நீங்க நேர்ந்தது. பாலியத்து அச்சன் அவர் பக்கம் நின்றார். இளவரசர் கொழும்பிலிருந்த ஒல்லாந்தரை நாடினார். 1656ஆம் ஆண்டில் கொழும்பைக் கைப்பற்றியிருந்த ஒல்லாந்தர், மலபார் மிளகு வாணிகத்திலிருந்து போர்த்துக்கீசியரை அகற்றக் காலம் நோக்கியிருந்தனர். சாமூதிரியும் அவர்களோடு உடன்பட்டார். 1661ஆம் ஆண்டில் பள்ளிப்புறம் ஒல்லாந்தருக்கும், 1662ஆம் ஆண்டு ஜனவரியில் கொடுங்கல்லூர் ரைக்லோஃப் வான் கூன்ஸ் தலைமையிலான ஒல்லாந்தப் படைக்கும் வீழ்ந்தன.

அடுத்த இலக்கு மட்டாஞ்சேரி. ஏறத்தாழ 1555ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியர் கட்டி அரசருக்கு அளித்த அரண்மனையில் அரசர் இராமவர்மரும், இராணி கங்காதரலட்சுமியும் இருந்தனர். போரில் இராமவர்மரும் அவருடைய சகோதரர் இருவரும் கொல்லப்பட்டனர். அவர்களைக் காத்து நின்ற நாயர் வீரர் பலரும் மடிந்தனர். இராணி சிறைபிடிக்கப்பட்டார். அவரைச் சிறைபிடித்தவர் ஹென்றிக் வான் ரீட்.

போரின் இரு பக்கத்தையும் இங்கு ஒப்பிட்டுக் காண்பது தேவை. அரண்மனையைக் காத்தவர்கள் ஆளும் அரசருக்குக் கட்டுப்பட்டவர்கள். எதிர்ப்பக்கத்தில் ஒல்லாந்தரோடு நின்ற மலையாளத் தலைவர்களும் தாம் முறையான அரசர் எனக் கருதியவருக்கே பணி செய்தனர். உயிர்ப்பற்றை விடும் உறுதி இரு பக்கத்திற்கும் பொதுவானது. ஆனால் 'தலைவன் யார்' என்னும் வினாவிற்கு விடை கூறும் உரிமை அவ்வீரர்களிடமிருந்தும் அரச குடும்பத்திடமிருந்தும் நீங்கிக் கடல்கடந்த கும்பினியின் கைக்குப் போயிருந்தது. சைனுத்தீன் விளக்கிய முறையும் இங்கு முறிந்தது. அரசர் ஒருவரும் இளவரசர் இருவரும் ஒரே களத்தில் வீழ்ந்தனர். அம்முறைக்குக் கட்டுப்படாத படை ஒன்று களத்தில் இருந்தபோது, அரசரின் உயிரைக் காத்து வந்த அச்சம் பயனற்றதாயிற்று.

இதனினும் இரங்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. போர்ச்சுகலும் ஒல்லாந்தும் 1661ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாளிலேயே ஹேக் நகரில் சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்டிருந்தன. உடன்படிக்கை முறைப்படி உறுதி செய்யப்பட்டுக் கீழைநாடுகளில் நடைமுறைக்கு வருவதற்குள் மட்டாஞ்சேரியில் மூன்று இளவரசர்களும் அவர்தம் காவலர்களும் மாண்டனர்.

8. போருக்குப் பின்

மட்டாஞ்சேரியை வென்ற ஒல்லாந்தர் கோட்டை நகரை முற்றுகையிட்டு, அதனைக் கைப்பற்ற இயலாமல் 1662ஆம் ஆண்டு மார்ச்சில் பின்வாங்கினர். அவர்கள் நீங்கியதும் போர்த்துக்கீசியர், ஒல்லாந்தருக்கு உதவினர் என்று மட்டாஞ்சேரி யூதர்களைத் தாக்கினர். 1568ஆம் ஆண்டில் எழுந்த பரதேசி யூதத் தொழுகையகம் சேதமுற்றது; 1664ஆம் ஆண்டில் அது செப்பனிடப்பட்டது. உள்நாட்டுப் போரின் சுமை படைக்கலம் ஏந்தாத தெருக்களின் மேலும் விழுந்தமைக்கு இது சான்று.

போர்த்துக்கீசியர் கோதவர்மரை அரசராக்கினர். அவ்வாண்டின் பிற்பகுதியில் ஒல்லாந்தர் மீண்டும் வந்தனர். 1663ஆம் ஆண்டு ஜனவரியில் கோட்டை வீழ்ந்தது. மார்ச் மாதத்தில் வீரகேரள வர்மருடன் உடன்படிக்கை செய்துகொள்ளப்பட்டது. கும்பினியின் முத்திரை பொறித்த முடி அவருக்குச் சூட்டப்பட்டது. அரண்மனை பழுது பார்க்கப்பட்டு 'டச்சு அரண்மனை' எனப் பெயர் பெற்றது.

வான் ரீட் பின்னர் மலபாரின் தலைமை அதிகாரியானார். அவர் முயற்சியால் 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' என்னும் தாவர நூலில், மருத்துவர் இட்டி அச்சுதனின் சான்றுரை கோலெழுத்தில் அச்சாகியுள்ளது. செடிகளின் மலையாளப் பெயர்களை அந்நூல் பேணிக் காத்தது. அதே அதிகாரி பங்கேற்ற போரில் மடிந்த காலாள் வீரர்கள், ஐரோப்பியர் எழுதிய வரலாற்றில் தொகையாகவே நிற்கின்றனர்.

9. முடிவுரை

மேற்கூறியவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. கொச்சித் தாவழிப் போர்களில் சாவேர் வீரரின் பணி, அகம்படி, சங்ஙாதம், நூற்றுவர் என்னும் அமைப்புகளோடு ஒட்டிய ஒழுங்குடைய பணி. அது தானே ஏற்கும் உறுதியால் அமைந்தது. அரசரின் உயிருக்கு அரணாகப் போரை மட்டுப்படுத்த உதவியது. சில வேளைகளில் போரில் தொடர்பற்றோரின் உயிரையும் பறித்தது. அமோக்கோ என்னும் அயற்சொல் இம்மூன்றனுள் இறுதியானதை மட்டும் எடுத்துக்கொண்டு ஏனையவற்றை மறைத்தது.

1662ஆம் ஆண்டில் வீரர்களின் உறுதி குன்றவில்லை. அவ்வுறுதிக்குப் பொருள் தந்த அரசியல் ஒழுங்கே குலைந்தது. ஒரு குடும்பத்தின் உரிமை வழக்கைத் தீர்க்க அயலாரை அழைத்த இரு கிளைகளும் தம் வீரர்களின் உயிரை அயலாரின் வாணிகக் கணக்கில் சேர்த்துவிட்டன. மட்டாஞ்சேரிப் போரின் வரலாற்றை எழுதுவோர், வென்ற படைத்தலைவனின் குறிப்போடு நின்றுவிடாமல், மடிந்தவர்களின் மொழியில் அவர்தம் பணிக்கு வழங்கிய பெயரையும் கேட்டறிதல் வேண்டும். அப்பெயர் சாவேர் என்பதே.